ஃபவுல்பவும்: ஆங்கிலத்தில் எந்தப் பெயர் சரி?

ஜெர்மன் மருந்துப் பொட்டலத்தில் 'ஃபவுல்பவும்ரிண்டெ' என்று இருந்தால் அது ஜெர்மனில் ஃபவுல்பவும் எனப்படும் ஃபிராங்குலா ஆல்னஸ் என்ற புதர்ச்செடியின் உலர்ந்த பட்டை, அதாவது மலமிளக்கி. பழைய நூல்களில் வரும் ராம்னஸ் ஃபிராங்குலாவும் இதே செடிதான். ஆங்கிலத்திலோ இதற்குப் பல பெயர்கள்.

வெறும் 'பக்தார்ன்' என்பதை முதலில் தள்ளிவிடலாம். ஜெர்மனில் க்ரொய்ட்ஸ்டோர்ன் எனப்படும் ராம்னஸ் கதார்ட்டிக்காவுக்கும் அதே பெயர். அதில் மருந்தாவது பழம், இதில் பட்டை. அதன் இலைகள் எதிரெதிராக, பல்விளிம்போடு இருக்கும். கிளை நுனியில் முள்ளும் உண்டு. ஃபவுல்பவுமுக்கு முள் கிடையாது, இலை மாற்றடுக்கு, விளிம்பு வழவழப்பு. போதாக்குறைக்கு, எண்ணெயும் பழச்சாறுமாக விற்கும் ஸான்ட்டோர்ன் ஆங்கிலத்தில் 'சீ பக்தார்ன்' ஆகிறது. அது வேறு குடும்பம்.

'பிளாக் ஆல்டர்' இன்னும் மோசம். சில பழைய மூலிகைப் புத்தகங்களில் ஃபவுல்பவுமுக்கு இந்தப் பெயர் இருப்பது உண்மைதான். ஆனால் இன்று அது ஆல்னஸ் குளுட்டினோசா என்ற வேறொரு மரத்தைத்தான் குறிக்கும். அந்தப் பட்டை டானின் நிறைந்த துவர்ப்பு; மலமிளக்கி கேட்டவருக்கு மலத்தைக் கட்டும் பட்டையைக் கொடுத்த கதையாகிவிடும்.

எஞ்சுவது 'ஆல்டர் பக்தார்ன்', 'கிளாஸி பக்தார்ன்'. முன்னது பிரிட்டன் வழக்கு, பின்னது வட அமெரிக்க வழக்கு. அங்கே இது காடுகளில் பரவி ஆக்கிரமிக்கும் களைச்செடி என்பதால், 'கிளாஸி' என்றதும் வாசகருக்கு மருந்தை விடக் களைதான் நினைவுக்கு வரும். பொது வாசகருக்கான கட்டுரைக்கு 'ஆல்டர் பக்தார்ன்' போதும். மருந்துத் தரக்குறிப்புக்கு ஐரோப்பிய மருந்துநூலின் ஆங்கிலத் தலைப்பான 'ஃபிராங்குலா பார்க்' தவிர வேறு எதையும் எழுதக்கூடாது. மலமிளக்கும் சேர்மமான குளுக்கோஃபிராங்குலின் 7 சதவீதத்துக்குக் குறையக்கூடாது என்ற வரம்பு அந்தத் தலைப்பின் கீழ்தான் இருக்கிறது.

'அமெரிக்கானிஷெ ஃபவுல்பவும்ரிண்டெ' என்று வந்தால் சரக்கே வேறு, அது காஸ்காரா, வட அமெரிக்காவில் வளரும் உறவுச்செடியின் பட்டை. அடைமொழியைத் தவறவிட்டால் தர அளவும் மாறிப்போகும்: காஸ்காராவில் ஹைட்ராக்ஸிஆந்த்ரசீன் கிளைக்கோசைடுகள் என்ற மலமிளக்கும் சேர்மங்கள் குறைந்தது 8 சதவீதம், அதில் 60 சதவீதமாவது காஸ்கரோசைடுகளாக இருக்கவேண்டும்.

அகராதி காட்டிக்கொடுக்காத பொறி வட ஜெர்மனியில் இருக்கிறது. அங்கே பேச்சுவழக்கில் புரூனஸ் பாடஸ் மரத்தையும் ஃபவுல்பவும் என்பார்கள். ஆங்கிலத்தில் அது 'பேர்ட் செர்ரி'. பட்டையின் நாற்றத்தால் வந்த பெயர் இரண்டுக்கும் பொருந்திவிட்டது. செர்ரிப் பட்டையில் சயனைடு வெளிவிடும் சேர்மங்கள் உண்டு என்பதால் இந்தக் குழப்பம் ஆபத்தானது. லத்தீன் பெயர் இல்லாத நாட்டுப்புறக் குறிப்பானால் பூவைப் பார்க்கவேண்டும். நீண்ட வெள்ளைப் பூங்கொத்து என்றால் செர்ரி. இலைக்கக்கத்தில் பச்சையோடிய சிறு பூக்கள், பச்சையிலிருந்து சிவந்து பிறகு கறுக்கும் காய்கள் என்றால் ஃபிராங்குலா.

பெயர் சரியாக அமைந்த பிறகும், 'ஓராண்டு வைத்திருந்தது' என்று பொருள்படும் ஜெர்மன் சொற்றொடரை அலங்காரம் என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு. புதிதாக உரித்த பட்டையிலுள்ள ஆந்த்ரோன்கள் என்ற சேர்மங்கள் கடும் வாந்தியைக் கிளப்பும். ஓராண்டு வைத்திருந்தாலோ சூடேற்றிப் பக்குவப்படுத்தினாலோதான் அவை ஆக்ஸிஜனேற்றம் அடைந்து அடங்கும். ஆகவே 'ஏஜ்டு' என்ற சொல்லைப் பெயருக்குப் பக்கத்திலேயே போடவேண்டும்.