கசகஸ்தான் நோட்டு சேர்க்க: 1993 வரிசையா, 2006 வரிசையா?

கசகஸ்தான் பண நோட்டுகளில் ஏதாவது ஒரு வரிசையையாவது முழுசாகச் சேர்த்துவிட வேண்டும் என்று இறங்கியபோது இரண்டில் ஒன்றை எடுக்க வேண்டியிருந்தது. அந்நாட்டு நாணயமான டெங்கே பிறந்த 1993-இன் முதல் வரிசை, அப்புறம் முன்பக்கம் செங்குத்தாக அமைந்த 2006 வரிசை. நான் 1993-ஐ எடுத்தேன், யார் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

அழகில் இரண்டுமே குறைவில்லை. 2006 நோட்டில் அஸ்தானாவின் பைதெரெக் கோபுரம் கம்பீரமாக நிற்கும். ஆனால் ஆல்பத்தின் உறைகள் படுக்கைவாட்டில் இருப்பதால் ஒவ்வொரு தடவையும் ஆல்பத்தையே திருப்பிப் பார்க்க வேண்டும்.

எனக்கு முக்கியமாகப் பட்டது, செட்டை முடிக்க ஆகும் செலவு. 1993-இல் 1, 2, 5, 10, 20, 50 தியின் என்று ஆறு குட்டி நோட்டு (நூறு தியின் ஒரு டெங்கே). 1, 3, 5, 10, 20, 50, 100 டெங்கே என்று ஏழு. பதிமூன்றின் முகமதிப்பையும் கூட்டினால் 189 டெங்கே 88 தியின்தான். 2006-இல் 200-லிருந்து 10,000 வரை ஆறே நோட்டு, கூட்டினால் 18,700 வருகிறது, மடிப்பில்லாத நோட்டு வேண்டுமென்றால் அதற்கும் மேலே கேட்பார்கள். போதாததற்கு 2,000, 5,000 நோட்டுகளில் ‘வங்கி’ என்ற சொல்லையே பிழையாக அச்சடித்துவிட்டார்கள், முழுமை பார்ப்பவர் பிழையுள்ளது ஒன்று, பிழையில்லாதது ஒன்று என்று தேட வேண்டும். நான் முதலில் வாங்கிய 20 டெங்கேயில், விற்றவர் காட்டிய படத்தில் தெரியாத நடுமடிப்பு இருந்தது. சின்னத் தொகை என்பதால் யோசிக்காமல் இன்னொன்று வாங்கிக்கொண்டேன். 5,000-இல் அப்படிச் செய்திருக்க முடியாது.

1993 பாணியிலேயே 200-லிருந்து மேலும் நோட்டுகள் உண்டு, எல்லாவற்றிலும் தத்துவஞானி அல்-ஃபராபி முகம்தான், அதனால் 100-ஓடு நிறுத்திக்கொண்டேன். அதற்குக் கீழே ஒவ்வொரு டெங்கே நோட்டிலும் வேறு வேறு ஆள். 3 டெங்கேயில் பாடகர் சுயுன்பாய், 5-இல் தோம்ப்ரா என்ற நரம்பிசைக் கருவியின் மேதை குர்மான்காசி, 20-இல் கவிஞர் அபாய். அபாய் நோட்டைத் திருப்பினால் கழுகோடு வேட்டைக்குப் போகும் காட்சி. என்னிடம் அதிகம் வெளியே வருவது 10 டெங்கேதான். அதில் இருக்கும் ஷோகான் வலிகானோவ் வியாபாரி வேடத்தில் 1858-இல், இன்று சீனாவில் இருக்கும் கஷ்கர் நகருக்குக் கிளம்பிப் போய் உயிரோடு திரும்பியவர், முப்பது வயது ஆகுமுன்னே இறந்துபோய்விட்டார்.

விற்கும் எண்ணத்தோடு சேர்ப்பவர் என் பேச்சை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். 2006-இல் என்னிடம் இருப்பது 200-ம் 500-ம் மட்டும், பெரிய நோட்டுகளை வாங்கி விற்ற அனுபவம் எனக்கு இல்லை.