உயிர்த்தெழும் உடல் பற்றிய இணைய வகுப்பு: தாராளமாகச் சேரலாம்

அம்மா இறந்த பிறகு சேர்ந்த வகுப்பு இது. கொடுத்த காசு வீண்போகவில்லை.

நற்செய்திப் பகுதிதான் இதன் உயிர். சிலுவையில் இறந்து உயிர்த்தெழுந்த இயேசு பூட்டிய அறைக்குள் வந்து நிற்கிறார். அதே இயேசு பொரித்த மீனை வாங்கிச் சாப்பிடுகிறார், சீடர் தோமாவுக்குக் காயங்களைக் காட்டுகிறார். மகதலேனா மரியாளோ முதலில் அவரைத் தோட்டக்காரர் என்றே நினைக்கிறாள். அப்படியானால் அது வெறும் ஆவியல்ல. இயேசு உயிர்ப்பித்த லாசருவைப் போல மறுபடியும் சாகப்போகிற உடலும் அல்ல. இதை ஆசிரியர் அவசரமே இல்லாமல் விளக்குகிறார். அப்புறம் பைபிளில் 1 கொரிந்தியர் 15-ஆம் அதிகாரத்தில் பவுல் சொல்லும் விதை: விதைத்தது ஒரு உருவம், முளைப்பது வேறு உருவம், ஆனாலும் தொடர்பு அறுவதில்லை. தழும்புகள் ஏன் மறையவில்லை என்ற பகுதியைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். அம்மாவின் கையில் ஒரு பழைய தீக்காயத் தழும்பு உண்டு.

வரலாற்றுப் பகுதி சுமார்தான். ஓரிகன், அகுஸ்தீன் போன்ற பழைய திருச்சபை அறிஞர்கள் எல்லாம் ஓட்டமாக ஓடிவிடுகிறார்கள். இப்போதுள்ள சொந்த உடலோடே எல்லோரும் எழுவார்கள் என்று 1215-இல் கத்தோலிக்கத் திருச்சபையின் நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம் அறிவித்ததற்கு ஒரே ஒரு வாக்கியம். எரிக்கப்பட்ட உடல் எப்படி எழும் என்று பலரும் கேட்பார்கள்; அதைத் தொடவே இல்லை. அடுத்த பதிப்பில் அவசியம் சேர்க்க வேண்டும்.

ஒலி தெளிவு. இறையியல் படிக்காதவர்களுக்கும் புரியும்.