ஏர்போர்ட் எக்ஸ்பிரஸில் மாமாவோடு: டெல்லி மெட்ரோவின் ஆரஞ்சு லைன் எப்படி?

மாமாவைச் சென்னை விமானத்தில் ஏற்றிவிடப் போன வாரம் இந்த லைனில் போனோம். கரோல்பாகிலிருந்து புது டெல்லி ஸ்டேஷன் வரை ஆட்டோ. அஜ்மீரி கேட் பக்கம் இறங்கிக்கொள்ளுங்கள்; பஹார்கஞ்ச் பக்கம் இறங்கினால் பெட்டியோடு ரயில்வே மேம்பாலம் ஏற வேண்டும். பெட்டியை இங்கேயே செக்-இன் பண்ணிவிடலாம், சில விமான நிறுவனங்களுக்கு மட்டும். மாமா வாங்கியிருந்த ரெண்டு ரஜாயும் (பஞ்சு அடைத்த குளிர்காலப் போர்வை) அந்தக் கவுன்டரிலேயே போய்விட்டன. வண்டி சுத்தம். உட்கார இடம் இருந்தது. மூன்றாவது டெர்மினலுக்குக் கால் மணி நேரம்தான்.

சுரங்கத்தை விட்டு வெளியே வந்து தௌலா குவான் மேம்பாலத்தில் ஏறியதும் மாமா ஜன்னல் பக்கம் சாய்ந்தார். "ஏன் மாப்ள, பேரிங் தகராறுல மூடிக் கிடந்த லைன் இதுதான?"

இதேதான். மாமா நெல்லையில் பொதுப்பணித்துறை ஏ.இ.யாக, அதாவது உதவிப் பொறியாளராக இருந்தவர். நான் 19 வருஷமாகக் கான்ட்ராக்டர் பக்கம், பாலம் கட்டுகிற சைட்டுகளில். இந்த லைனைப் பற்றிப் பேசாமல் எங்களால் இதில் போக முடியாது.

இதில் சுரங்கம், தூண், மேம்பாலம் எல்லாம் டெல்லி மெட்ரோ கட்டியது. தண்டவாளம், சிக்னல், வண்டி, ஓட்டுகிற பொறுப்பு முதலில் ஒரு தனியார் நிறுவனத்துடையது. 2011 பிப்ரவரியில் ஓட ஆரம்பித்து, 2012 ஜூலையில் நின்றது. கட்டுமானத்தில், பேரிங்கில் கோளாறு என்றது தனியார் நிறுவனம், பராமரிப்பு சரியில்லை என்றது டெல்லி மெட்ரோ. 2013 ஜனவரியில் மறுபடி ஓடியபோது வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர்தான். அந்த வருஷம் ஜூலையில் டெல்லி மெட்ரோவே லைனை எடுத்துக்கொண்டது. வழக்கு மட்டும் விடவில்லை. 2017இல் நடுவர் மன்றம் தனியார் நிறுவனத்துக்குச் சுமார் 2,782 கோடியும் வட்டியும் தரச் சொன்னது. 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

பேரிங் என்பது தூணின் தலைக்கும், அதன் மேல் பாலத்தைத் தாங்குகிற உத்தரமான கர்டருக்கும் நடுவில் இருக்கிற மெத்தை மாதிரி. பாலத்தின் மொத்த பாரமும் அது வழியாகத்தான் இறங்கும். ஒருத்தர் கட்டியதன் மேல் இன்னொருத்தர் வண்டி ஓட்டும்போது, அந்த இடத்தை ரெண்டு பேரும் சேர்ந்து பார்க்காவிட்டால் வேறு எங்கே சேர்வது?

எனக்கு இது பட்டுத் தெரிந்த விஷயம். ஒரு நெடுஞ்சாலை வேலையில், பேரிங் உட்காரும் பெடஸ்டல் ஒன்று 4 மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தது. அரசு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது, எங்கள் கம்பெனி பதில் போட்டது. மூன்று மாதம் இப்படியே போனது. கர்டர் யார்டிலேயே கிடந்தது. கடைசியில் புதிதாக வந்த ஏ.இ. ஒருவர், காலை ஆறு மணிக்கு லெவல் கருவியோடு வந்து, எங்களோடு சாரத்தில் ஏறினார். மட்டம் பார்க்கிற அளவுகோலை (ஸ்டாஃப்) அவரே பிடித்தார், நான் ரீடிங் எடுத்தேன். ஒரே புத்தகத்தில் பென்சிலால் எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் பெடஸ்டலைச் சரிபண்ண ஆள் வந்துவிட்டது. அந்த மூன்று மாதத்தை நினைத்தால் இன்னும் ஆறவில்லை.

மாமா கேட்டுவிட்டு, "நானும் லெட்டர் போட்டவன்தான் மாப்ள. மேல ஏறிப் பாத்திருக்கணும்," என்றார். முப்பது வருஷ சர்வீஸ் பார்த்த மனுஷர் வாயிலிருந்து இதைக் கேட்பது எனக்குப் பெரிய விஷயம்.

இப்போது வண்டி 120 வரை போகிறது. மேம்பாலத்தில் அதிர்வு தெரிகிறதா என்று உள்ளங்காலைத் தரையில் ஊன்றிப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. தைரியமாகப் பெரியவர்களைக் கூட்டிப் போகலாம்.

குறை என்றால், மஞ்சள் லைனிலிருந்து மாறி வருபவர்களுக்கு நடை அதிகம். முதல் டெர்மினல் விமானம் என்றால் இதில் ஏறாதீர்கள், அதற்கு மெஜந்தா லைன். பெட்டி போடுகிறவர்கள் உங்கள் விமானத்துக்கு கவுன்டர் உண்டா, எத்தனை மணிக்கு மூடும் என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.