புள்ளிகள் அராவப்பட்ட கத்தி: சேகரிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

பழைய மடக்குக்கத்தி சேகரிப்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். நெருங்கிய நண்பரிடம் வாங்குகிறோம், இதையெல்லாம் சோதித்துப் பார்க்கணுமா என்று நினைப்பவர்கள் கட்டாயம் படியுங்கள். நானும் அப்படி நினைத்துத்தான் ஏமாந்தேன். என் பேச்சை நம்பி இன்னொரு தம்பியும் ஏமாந்தான். என் பணம் போனதைக்கூட மறந்துவிடுவேன், அவன் பணம் போனதை மறக்க முடியவில்லை. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

விற்றவரின் பெயரைச் சொல்லப் போவதில்லை. எட்டு வருடப் பழக்கம். சாணைக்கல்லில் கோணம் பிடிப்பது எப்படி என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். அலகின் விளிம்பில் கறுப்பு மார்க்கரைத் தடவு, கல்லில் இரண்டு இழுப்பு இழு, மை எந்த இடத்தில் அழிந்திருக்கிறது என்று பார் என்பார். மேலே மட்டும் அழிந்திருந்தால் கத்தியை ரொம்பப் படுக்க வைத்திருக்கிறாய், நுனி விளிம்பில் மட்டும் அழிந்திருந்தால் ரொம்பத் தூக்கிப் பிடித்திருக்கிறாய் என்று அர்த்தம். இன்றைக்கும் அப்படித்தான் தீட்டுகிறேன். அறுவை சிகிச்சை முடிந்து நான் படுத்த படுக்கையாக இருந்த மூன்று வாரமும் ஒரு நாள் விடாமல் போன் செய்து பேசினார். அந்த அக்கறை பொய் என்று இப்போதும் எனக்குத் தோன்றவில்லை. அதனால்தான் இது இவ்வளவு வலிக்கிறது.

அவர் எனக்கு விற்றது அமெரிக்காவின் டபிள்யூ. ஆர். கேஸ் அண்ட் சன்ஸ் நிறுவனத்தின் 6254 ட்ராப்பர் என்ற மடக்குக்கத்தி. புதிதாக வருகிறவர்களுக்காக அந்த எண்ணை விளக்கிவிடுகிறேன். முதலில் வரும் 6, செதுக்கு வேலை செய்த எலும்புக் கைப்பிடியைக் குறிக்கும். மான்கொம்பு என்றால் 5. அடுத்த 2 அலகுகளின் எண்ணிக்கை. கடைசியில் உள்ள 54 கத்தியின் வடிவத்துக்கான எண்.

கத்தி எந்தக் காலத்தது என்பதை டாங்கில் அடித்த முத்திரை சொல்லும். டாங் என்பது அலகின் அடியில், கைப்பிடிக்குள் சுழலும் தடித்த பகுதி. 1940 முதல் 1964 வரை வந்த முத்திரையில் கேஸ் என்ற பெயரும் இரண்டு எக்ஸ் எழுத்துகளும் இருக்கும். 1965-இல் அதனடியில் யு.எஸ்.ஏ. சேர்ந்தது. 1970-இல் அதற்கும் கீழே பத்துப் புள்ளிகள் வைத்தார்கள். பிறகு வருடத்துக்கு ஒரு புள்ளியாகக் குறைத்து, 1979-இல் ஒரே ஒரு புள்ளியில் வந்து நின்றார்கள். 1980-இல் எழுத்து வடிவத்தை மாற்றி, மறுபடியும் பத்திலிருந்து தொடங்கினார்கள். ஆக, யு.எஸ்.ஏ. இருந்து புள்ளியே இல்லையென்றால் அது 1965-க்கும் 1969-க்கும் இடைப்பட்ட கத்தி. சேகரிப்பவர்களிடம் அதற்கு மதிப்பு அதிகம். எழுபதுகளின் கத்தியில் அந்தப் புள்ளிகளை அராவி எடுத்துவிட்டால் போதும், பார்வைக்கு அறுபதுகளின் கத்தியாகிவிடும். இந்த மோசடி பழையதுதான். எனக்கும் தெரிந்திருந்தது. தெரிந்தும் நான் பார்க்கவில்லை.

"இது வெளியாள் கைக்குப் போகக் கூடாது, உன்னிடம்தான் இருக்கணும்" என்று சொல்லித்தான் கொடுத்தார். அந்த ஒரு வார்த்தையிலேயே நான் மயங்கிவிட்டேன். டாங்கைக் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்புங்கள் என்று கேட்க வாய் வரவில்லை. கேட்டால் அவமதிப்பதுபோல ஆகிவிடுமோ என்ற கூச்சம். பணத்தைப் பேபாலில் நண்பர்களுக்கும் குடும்பத்தாருக்கும் அனுப்பும் முறையில் போடச் சொன்னார், போட்டேன். அந்த முறையில் அனுப்பும் பணத்துக்கு, வாங்குபவருக்கான பாதுகாப்பு கிடையாது. பொருள் போலி என்று பிறகு தெரியவந்தாலும் அங்கே முறையிட வழியில்லை. கட்டணம் மிச்சமாகும் என்றுதான் காரணம் சொன்னார். அன்றைக்கு அது எனக்கு நியாயமாகத்தான் பட்டது.

மூன்று வருடம் அது என் இழுப்பறையில் எண்ணெய் பூசி, துணி சுற்றிக் கிடந்தது. பிறகு ஒரு நாள், இந்தத் துறையில் நாற்பது வருடமாக இருக்கும் ஒரு பெரியவர் வந்தார். ஆசையாக எடுத்துக் காட்டினேன். அவர் முத்திரையைப் பார்ப்பதற்கு முன்பே அலகைத் திறந்து, விரலால் இடமும் வலமும் அசைத்துப் பார்த்தார். லேசாக ஆடியது. அப்புறம் கத்தியை விளக்குக்கு எதிரே தூக்கிப் பிடித்தார். டாங்குக்கும் பக்கத்துத் தகட்டுக்கும் நடுவே மயிரிழை போல வெளிச்சம் தெரிந்தது. "அதிகம் புழங்காத கத்தியில் இவ்வளவு இடைவெளி எப்படி வரும் தம்பி?" என்று கேட்டார்.

லென்ஸை வாங்கி நானே பார்த்தேன். எழுத்துகள் இருக்கும் மேல்பாதியில் பழைய உலோகத்தின் மங்கலான சாம்பல் நிறம், தொழிற்சாலைப் பாலிஷின் நுண்ணிய கோடுகள் எல்லாம் ஒரே திசையில். யு.எஸ்.ஏ.-வுக்குக் கீழே கோடுகள் வேறு திசையில் ஓடின. அந்த இடம் மட்டும் கொஞ்சம் பளபளப்பாக, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் குழிந்திருந்தது. பெரியவர் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடிக்கச் சொன்னார். சாய்ந்த வெளிச்சத்தில் வலது ஓரத்தில் ஊசி முனையளவு ஒரு பள்ளம் தெரிந்தது. அராவியவர் கையிலிருந்து தப்பிய ஒரு புள்ளியின் அடிப்பாகம். டாங்கின் தடிமனை டிஜிட்டல் கேலிப்பரில் அளந்தோம். பெரியவரிடம் இருந்த அதே வடிவக் கத்தியோடு ஒப்பிட்டால் என்னுடையது மெலிந்திருந்தது. அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை.

அன்று இரவே நண்பருக்குப் போன் செய்தேன். அவரையும் யாரோ ஏமாற்றியிருக்கலாம், அதை அவர் வாயால் கேட்டுவிட்டால் போதும் என்றுதான் செய்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். அவரோ கத்தியைப் பற்றிப் பேசவே இல்லை. "நீயே என்னைச் சந்தேகப்படுறியா? எட்டு வருஷம் பழகியதுக்கு இதுதான் மரியாதையா?" என்றார். படங்களை அனுப்பினேன். பதில் இல்லை. மறுநாள், நான் தொழில் போட்டியில் அவர் பெயரைக் கெடுப்பதாக எங்கள் வட்டத்தில் ஏழெட்டுப் பேரிடம் சொல்லியிருந்தார்.

கத்தி சேகரிப்பவர்களின் உலகம் சின்னது. பாதிக் கொடுக்கல் வாங்கல் வாய்வார்த்தையில்தான் நடக்கிறது. பணம் வாங்காமலேயே கத்தியை அனுப்பி, "பிடித்திருந்தால் அனுப்பு, இல்லையென்றால் திருப்பிவிடு" என்று சொல்லும் மனிதர்கள் உண்டு. ஒருவர் இறந்துபோனால் அவருடைய சேகரிப்பை அவர் மனைவிக்கு நல்ல விலையில் விற்றுக் கொடுக்க நாலு பேர் கூடி உட்கார்வதைப் பார்த்திருக்கிறேன். அந்த நம்பிக்கைதான் இந்தப் பொழுதுபோக்கில் எனக்குக் கிடைத்த பெரிய சொத்து. ஆனால் அதே நம்பிக்கையை வைத்துத்தான் அவர் பிழைத்திருக்கிறார். நான் படங்களைக் காட்டியபோது ஒருவர்கூட லென்ஸ் எடுத்துப் பார்க்கவில்லை. "அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை" என்றார்கள். "நம்ம ஆளை நாமே வெளியே விட்டுக்கொடுக்கலாமா" என்றார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. என்னிடம் வேறு ஒருவர் இப்படி வந்திருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

சொல்லவும் சொல்லியிருக்கிறேன். அந்தத் தம்பிக்குத்தான்.

அவன் புதிதாகச் சேகரிக்கத் தொடங்கியவன். முதல் பெரிய கத்தியாக ஒரு டமாஸ்கஸ் உறைக்கத்தியை அதே நண்பரிடம் பார்த்துவிட்டு, "அண்ணா, வாங்கலாமா?" என்று என்னைக் கேட்டான். கத்தியைப் பார்க்காமலேயே, "அவர்கிட்ட கண்ணை மூடிக்கிட்டு வாங்கு" என்றேன். என் கத்தி விஷயம் வெளியே வந்த பிறகு அவனுடையதை வாங்கிப் பார்த்தோம். இப்போது டமாஸ்கஸ் என்று விற்பது பெரும்பாலும் இரண்டு வகை எஃகை அடுக்கி, உலையில் பற்றவைத்து, மடித்துத் தட்டிச் செய்வது. 1973-இல் பில் மோரன் என்ற அமெரிக்கக் கத்திக் கொல்லர் தான் செய்த கத்திகளைக் கண்காட்சியில் வைத்த பிறகுதான் அந்த வேலை அங்கே மறுபடியும் பரவியது. அமிலத்தில் நனைத்தால் நிக்கல் கலந்த எஃகு வெள்ளையாக நிற்கும், மற்றது கறுக்கும். அடுக்கு உள்ளேயும் இருப்பதால் அலகின் முதுகிலும் கோடுகள் தொடர்ந்து வர வேண்டும். இவனுடைய கத்தியில் பக்கங்களில் அலை அலையாக அழகான வேலை, முதுகு மொழுமொழுவென்று ஒரே நிறம். உறைக்குள் மறையும் இடத்தில் நகமளவு உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஃபெரிக் குளோரைடு கரைசலை வைத்தோம். அந்த இடம் முழுக்க ஒரே சாம்பலாகக் கறுத்தது. கோலம் திரும்பி வரவே இல்லை. மேலே பதித்த வெறும் படம். தம்பி ஒன்றுமே பேசவில்லை. உப்புத்தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

அவன் கொடுத்த பணத்தை நான் திருப்பிக் கொடுத்துவிட்டேன். முதலில் வாங்க மறுத்தான். என் வார்த்தைக்கு நான் கொடுக்கும் பணம் என்று சொன்ன பிறகுதான் வாங்கினான்.

அதற்குப் பிறகு மூன்று பேர் தனித்தனியே என்னை அழைத்தார்கள். மூன்று பேரிடமும் அதே நபரின் கத்தி. ஒருவருக்கு ஐந்து வருடமாகவே தெரியுமாம். "பழகிவிட்டோம், எப்படிச் சொல்வது?" என்று வாய் திறக்காமல் இருந்திருக்கிறார். அவர் அன்றே சொல்லியிருந்தால் நானும் தம்பியும் தப்பியிருப்போம். அவர்மேல் எனக்குக் கோபம் வந்தது, இன்னும் முழுசாகப் போகவில்லை. எங்கள் வட்டத்தில் விசுவாசம் என்று நாங்கள் சொல்லிக்கொண்டதில் பாதி இந்த மாதிரி வாய்மூடல்தான் என்பதை ஒத்துக்கொள்ள எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். டாங்கின் இரண்டு பக்கமும், அலகின் முதுகும், திறந்தும் மூடியும் படம் கேளுங்கள். வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி எடுக்கச் சொல்லுங்கள். முத்திரையைச் சுற்றி மட்டும் பளபளப்பு வேறாக இருந்தால் நிறுத்திவிடுங்கள். நகக்குழியின், அதாவது அலகைத் திறக்க நகம் வைக்கும் பள்ளத்தின், ஓரங்கள் மழுங்கியிருந்தால் மெருகேற்றும் பஃபிங் சக்கரத்தில் பிடித்திருக்கிறார்கள். கையில் கிடைத்த அன்றே அலகை ஆட்டிப் பாருங்கள், அதே வடிவமுள்ள, சந்தேகமில்லாத இன்னொரு கத்தியோடு அளந்து பாருங்கள். பொருள் வாங்குபவருக்குப் பாதுகாப்பு உள்ள முறையிலேயே பணத்தை அனுப்புங்கள், கட்டணத்தை நீங்களே கட்டினாலும் பரவாயில்லை. இதையெல்லாம் கேட்டதும் கோபப்படாத நண்பர்கள் எனக்கு இருக்கிறார்கள். அந்தப் பெரியவர் போன மாதம் ஒரு கத்தி விற்றபோது, நான் கேட்பதற்கு முன்பே பதினோரு படம் அனுப்பினார். பின்பக்கத் தகட்டில் இருந்த துருப்புள்ளிக்குத் தனியாக ஒரு படம்.

புள்ளி அராவிய அந்த ட்ராப்பரை நான் விற்கவில்லை. விற்றால் இன்னொருவர் தலையில் அது விழும். கைப்பிடியில் நூல் கட்டி, அட்டையில் "புள்ளிகள் அராவப்பட்டவை, விற்பனைக்கு இல்லை" என்று எழுதி வைத்திருக்கிறேன். எனக்குப் பிறகு இழுப்பறையைத் திறப்பவருக்கும் தெரிய வேண்டும் என்பதற்காக மையில் எழுதி, மேலே டேப் ஒட்டியிருக்கிறேன். உங்களிடமும் இதே மாதிரி, நண்பர் கையிலிருந்து வந்த புள்ளியில்லாத கேஸ் இருந்தால் இன்று இரவு விளக்கருகே எடுத்துப் பாருங்கள். சந்தேகம் வந்தால் எனக்கு எழுதுங்கள், என்னுடையதன் படங்களையும் அளவுகளையும் ஒப்பிட்டுப் பார்க்க அனுப்புகிறேன்.