8 ஜிபி போட்டும் 2.92தான் காட்டுகிறது: ரேமை மாற்றுவதா, விண்டோஸை மாற்றுவதா, லினக்ஸுக்குப் போவதா?

அக்காவின் மடிக்கணினி 2011-இல் வாங்கியது. இரண்டாம் தலைமுறை கோர் ஐ3, விண்டோஸ் 7. வீட்டில் டியூஷன் எடுக்கிறார், வினாத்தாள் தட்டச்சு செய்வதும் பிரிண்ட் எடுப்பதும்தான் அதில் முக்கிய வேலை. பிரவுசரில் நாலு டேப் திறந்தாலே திணறுகிறது என்று கடையில் கொடுத்து, பழைய 2 ஜிபியைக் கழற்றிவிட்டு 4 ஜிபி ரேம் இரண்டு போட்டு வாங்கி வந்தார். எந்த வித்தியாசமும் இல்லை. கம்ப்யூட்டர் பிராப்பர்ட்டீஸில் 8.00 ஜிபி என்று காட்டியது, ஆனால் அதில் பயன்படுத்த முடிவது 2.92 ஜிபி மட்டும் என்று பக்கத்திலேயே போட்டிருந்தது. கடைக்குத் திரும்பப் போனால் ரேம் பொருத்தும் ஒரு ஸ்லாட் போய்விட்டது, போர்டில் வேலை பார்க்க வேண்டும் என்றிருக்கிறார்கள். "தம்பி, போட்ட காசெல்லாம் வீண்தானாடா?" என்று போனில் கேட்டார். அந்த வார இறுதியில் போய் உட்கார்ந்தேன்.

முதல் வழி, கடைக்காரர் சொன்னதுதான்: ரேமையோ ஸ்லாட்டையோ சந்தேகப்படுவது. இதைச் சோதிக்கப் பத்து நிமிடம் போதும். ஆன் செய்தவுடன் எஃப்2 அழுத்தி பயாஸுக்குள், அதாவது விண்டோஸுக்கு முன்னால் ஓடும் மெஷினின் அடிப்படை அமைப்புத் திரைக்குள், போய்ப் பாருங்கள் (சில மெஷின்களில் வேறு கீ). அங்கே 8192 எம்பி என்று இருந்தால் ரேம், ஸ்லாட் இரண்டும் உயிரோடுதான் இருக்கின்றன. அக்காவுடையதில் அப்படித்தான் இருந்தது. பாதிதான் காட்டுகிறது என்றால், பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஒரே ஒரு ரேமை ஒவ்வொரு ஸ்லாட்டிலும் மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். ரேமின் தங்க நிறப் பற்களை வெள்ளை அழிப்பானால் மெல்லத் தேய்த்து, தூசி தட்டி, 'க்ளிக்' என்று இரண்டு பக்கக் கொக்கியும் பிடிக்கும் வரை அழுத்தினாலே பல நேரம் சரியாகிவிடும். இன்னொன்று, இந்தத் தலைமுறை மெஷினுக்கு 8 ஜிபியாக ஒரே ரேம் வாங்குகிறீர்கள் என்றால் அதில் உள்ள சிப்களை எண்ணிப் பாருங்கள். 16 சிப் இருந்தால் எடுத்துக்கொள்ளும், 8 சிப் மட்டும் உள்ளதை எடுத்துக்கொள்ளாது, ஏனென்றால் ஒரு சிப்புக்கு 4 ஜிகாபிட்டுக்கு மேல் இதற்குப் படிக்கத் தெரியாது. போர்டில் சால்டரிங் செய்து ஸ்லாட்டைச் சரி செய்வதில் எனக்கு அனுபவம் கிடையாது, அதனால் அதைப் பற்றிப் பேசவில்லை.

பயாஸ் 8 என்கிறது, விண்டோஸ் 2.92 என்கிறது. அப்படியானால் கோளாறு பெரும்பாலும் 32-பிட் விண்டோஸில்தான். 32 பிட்டால் மொத்தம் சுமார் 429 கோடி முகவரிகளைத்தான் சொல்ல முடியும், அதுதான் 4 ஜிபி. கிராபிக்ஸும் மற்ற சாதனங்களும் அந்த நாலுக்குள்ளேயேதான் தங்களுக்கு இடம் பிடித்துக்கொள்கின்றன. மிச்சம் மூன்றையொட்டி நிற்கும். நம் வீட்டு மெஷின்களில் இருக்கும் 32-பிட் விண்டோஸ் 7, 10 எதுவாக இருந்தாலும் இந்த எல்லையைத் தாண்டாது. ஆனால் அதற்கு முன் எம்எஸ்கான்ஃபிக் (விண்டோஸ் தொடங்கும் விதத்தை மாற்றும் சிறு கருவி, msconfig) திறந்து, பூட் பகுதியின் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் மேக்ஸிமம் மெமரி டிக் ஆகியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். ரேம் கூடும் என்று நினைத்து அதை டிக் செய்தவர்கள் நிறைய, அது குறைக்கத்தான் செய்யும்.

எச்சரிக்கை ஒன்று: 2006, 2007 காலத்து இன்டெல் 945 சிப்செட் (பிராசஸரையும் ரேமையும் இணைக்கும் போர்டு சிப்கள்) மெஷின் என்றால் 64-பிட் போட்டாலும் மூன்றைச் சுற்றித்தான் நிற்கும், அங்கே சிப்செட்டே தடை.

ஆக 64-பிட்டுக்கு மாறியே ஆக வேண்டும். விண்டோஸா லினக்ஸா என்பதுதான் கேள்வி. 32-இலிருந்து 64-க்கு மேலேயே அப்கிரேட் செய்ய முடியாது, எல்லாவற்றையும் பேக்கப் எடுத்துவிட்டுப் புதிதாகத்தான் போட வேண்டும். இந்தத் தலைவலி இரண்டுக்கும் பொது.

என்னைத் தீர்மானிக்க வைத்தது ஒன்றே ஒன்று: அடுத்த சில வருடங்களுக்கு இதை யார் பராமரிப்பது. விண்டோஸ் 7-இலேயே 64-பிட் போட்டால் ரேம் பிரச்சினை அன்றே தீரும், ஆனால் அதற்கு குரோம் பிரவுசர் 109-ஆம் பதிப்போடு நின்றுவிட்டது, அதற்குப் பிறகு பாதுகாப்பு அப்டேட் வராது. அக்கா பேங்க் வேலையும் அதில்தான் செய்கிறார், அவரை அப்படி விட்டுவிட்டு வர எனக்கு மனம் வரவில்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது, பதிவு செய்தால் மேலும் ஒரு வருடம் இழுக்கலாம், அவ்வளவுதான். விண்டோஸ் 11 இந்தப் பிராசஸரை முறைப்படி ஏற்பதே இல்லை. அதாவது விண்டோஸ் பக்கம் எதைத் தேர்ந்தெடுத்தாலும் சீக்கிரமே இதே இடத்தில் வந்து நிற்போம். இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட் 22-க்கு 2029 வரை அப்டேட் வரும். பென்டிரைவில் ஏற்றி, நிறுவாமலேயே ஓட்டிப் பார்த்தேன். சிஸ்டம் மானிட்டரில் 7.7 ஜிபி என்று வந்ததும் அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அப்படியே நிறுவிவிட்டேன். லினக்ஸின் தட்டச்சுக் கருவியான ஐபஸில் தமிழ்99 விசைப்பலகை வந்துவிட்டது, பழைய வினாத்தாள்களுக்கான பாமினி எழுத்துருவை ஃபோல்டரில் போட்டதும் லிப்ரே ஆபிஸில் திறந்தன. சில அட்டவணைகள் மட்டும் கோணலாகி, கையால் சரி செய்ய வேண்டியிருந்தது.

லினக்ஸிலும் பராமரிப்பு இல்லாமல் இல்லை. அக்காவிடம் இருப்பது எச்பி லேசர்ஜெட் 1020. அந்தப் பிரிண்டர் ஒவ்வொரு முறை ஆன் ஆகும்போதும் கணினியிலிருந்து அதற்குள் ஃபர்ம்வேர் (பிரிண்டரை இயக்கும் உள் மென்பொருள்) போக வேண்டும், அதற்கு லினக்ஸுக்கான எச்பியின் டிரைவர் தொகுப்பான எச்பிலிப்போடு தனியாக ஒரு பிளகின் (துணை மென்பொருள்) இறக்க வேண்டும். எச்பிலிப் புதிய பதிப்புக்குப் போனால் பிளகினையும் அதே பதிப்புக்கு மறுபடி இறக்க வேண்டும், இல்லையென்றால் பிரிண்டர் பேசாமல் உட்கார்ந்துவிடும். ஆறு மாதத்தில் ஒருமுறை அப்படி ஆனது, போனிலேயே சொல்லிக் கொடுத்தேன். இதைவிட நீண்ட அனுபவம் எனக்கு இன்னும் இல்லை.

விண்டோஸில் மட்டுமே ஓடும் கணக்கு மென்பொருளை நம்பித் தொழில் நடத்துகிறவர் என்றால் விண்டோஸ் 10 64-பிட்டே போடுங்கள். ஆனால் பிரிண்டர், ஸ்கேனர் ஒவ்வொன்றுக்கும் 64-பிட் டிரைவர் இருக்கிறதா என்று முதலில் தேடி, இறக்கி, பென்டிரைவில் வைத்துக்கொண்ட பிறகே ஹார்ட் டிஸ்கை ஃபார்மேட் செய்யுங்கள்.