இருட்டறைக்கு மணி பிளான்ட்டா, ஸ்னேக் பிளான்ட்டா?

ஒரே ஒரு வடக்கு ஜன்னல் உள்ள அறையை இரண்டுமே தாங்கும். குணம்தான் வேறு.

செலவு: மணி பிளான்ட்டுக்குக் காசே வேண்டாம். தெரிந்தவர் வீட்டுக் கொடியில் கணுவோடு ஒரு துண்டு வெட்டித் தண்ணீர் பாட்டிலில் போட்டால் சில வாரங்களில் வேர் விடும். ஸ்னேக் பிளான்ட் இலைத்துண்டிலிருந்தும் வரும். ஆனால் மாதக்கணக்கில் காத்திருக்கணும், மஞ்சள் ஓர இலை வகையானால் புதுச் செடியில் அந்த ஓரமும் போய்விடும். நர்சரியில் வாங்குவதே மேல்.

தண்ணீர்: மணி பிளான்ட் தாகமெடுத்தால் இலையைத் தொங்கப்போட்டுச் சொல்லிவிடும். ஸ்னேக் பிளான்ட் சொல்லாது. மண் முழுக்கக் காய்ந்தபின் ஊற்றினால் போதும். பாசத்தில் அடிக்கடி ஊற்றி ஒன்றை அழுக வைத்திருக்கிறேன்.

வெளிச்சம் குறைந்தால்: மணி பிளான்ட்டின் மஞ்சள் வரிகள் மங்கும். ஸ்னேக் பிளான்ட் வளராமல் அப்படியே நிற்கும்.

பூனை இலையைக் கடித்தால்: இரண்டுமே அதற்கு ஆகாது.

அடிக்கடி ஊருக்குப் போகிறவருக்கு ஸ்னேக் பிளான்ட். தினமும் புது இலையைத் தேடிப் பார்க்கிறவருக்கு மணி பிளான்ட்.