ரிவெட் அடிச்ச மெயில் சட்டை: தாராளமா வாங்கலாம், ஆனா அக்குளைப் பாருங்க

மெயில்னா சின்னச் சின்ன உலோக வளையங்களைக் கோத்துப் பின்னின போர்க் கவசம். அதுல முழங்கால் வரைக்கும் வர்ற ஹாபெர்க் எனக்கு வேணாம், தொடையோட நிக்கிற ஹாபர்ஜன்தான் வாங்கினேன், இந்தியாவுல செஞ்சு வந்தது. வளையம் உள்விட்டம் 9 மி.மீ., எடை கிட்டத்தட்ட 10 கிலோ. தென்னாப்பிரிக்காவுல நான் இருக்கற டர்பன் நகரத்துக்கு வந்து சேர்றதுக்குள்ள கஸ்டம்ஸ், 15 சதவீத வாட் எல்லாம் ஏறும், விலை பாக்கும்போதே அதையும் கூட்டிக்கோங்க.

எனக்கு ரொம்பப் பிடிச்சது பின்னல்தான். ஒவ்வொரு வளையமும் பக்கத்து 4 வளையத்தைப் பிடிச்சிருக்கு, ஒரு வரிசை தகட்டுல வெட்டின முழு வளையம், அடுத்த வரிசை கம்பியை வளைச்சு முனையைத் தட்டையாக்கி ஒண்ணு மேல ஒண்ணு வெச்சு ரிவெட் அடிச்சது, ரோமானியரோட மெயில் சட்டையான லோரிகா ஹமாட்டாவே இப்படித்தான், பாதி வளையத்துக்கு ரிவெட் வேலை மிச்சம் பாருங்க. இதுல முக்கோண ஆப்பு ரிவெட் போட்டிருக்காங்க, தலை ஒரு பக்கம்தான் துருத்தும், அதை வெளிப்பக்கமா விட்டிருக்கறதால உள்ள தடவினா வழவழன்னு இருக்கு, துணியைக் கிழிக்கல.

விலை கம்மின்னு அலுமினியத்துல முனையோட முனை சும்மா சேத்து விட்ட சட்டையை நிறைய பேர் வாங்கறாங்க. மேடை நாடகத்துக்கு சரி, வாள் பயிற்சிக்கு வேண்டவே வேண்டாம், கூரான முனை குத்தினா வளையம் வாயைப் பொளந்துடும். ஜப்பான் மெயிலான குசாரில ரிவெட் இல்லாதது நிறைய உண்டுதான், ஆனா அங்க கம்பியை ரெண்டு மூணு சுத்து சுத்திப் பலப்படுத்துன வளையமும் இருக்கு. நம்ம தக்காணத்துல இன்னும் அழகு, முழு வளையத்துக்கு நடுவுல குறுக்க ஒரு கம்பி ஓடும், துளை பாதியாயிடும், முனை நுழைய இடமே இருக்காது. இந்தியாவுலயே செய்யறவங்க அந்த வளையத்தையும் செஞ்சு வித்தா முதல் ஆளா வாங்குவேன்.

குறைன்னா அக்குள். பழைய சட்டைகள்ல அங்கங்க வளையத்தைக் கூட்டிக் குறைச்சு உடம்புக்கு ஏத்த மாதிரி பின்னியிருப்பாங்க, இது நேரா டி வடிவம், கையைத் தூக்கினா மொத்த சட்டையும் கூடவே மேல ஏறுது. அந்த இடத்துல மட்டும் பிரிச்சு வளையம் சேக்கணும், தனியா ரிவெட் வளையமும் ரிவெட்டும் ஒரு பொட்டலம் கேட்டு வாங்கிக்கோங்க.

மெயில் வெட்டைத் தடுக்கும், அடியைத் தடுக்காது, அதனால உள்ள பஞ்சு வெச்சுத் தச்ச கேம்பிசன் கட்டாயம். பிப்ரவரி புழுக்கத்துல அது கொடுமை, நான் சாயங்காலம்தான் போடறேன். இடுப்புல பெல்ட்டை இறுக்கி, சட்டையைக் கொஞ்சம் மேல இழுத்து விட்டா தோள் பாரம் நல்லாவே குறையும்.

கடல் காத்துல எண்ணெய் தடவாம தொங்கவிட்டா துரு வந்துடும். வந்துட்டா அந்தக் காலத்துல பீப்பாயில மணலோட போட்டு உருட்டின மாதிரி, மூடி போட்ட டிரம்ல காஞ்ச மணல் போட்டு உருட்டுங்க, பளிச்சுன்னு ஆயிடும், அப்புறம் உடனே எண்ணெய். அளவு எடுக்கும்போது கேம்பிசனைப் போட்டுக்கிட்டே மார் சுத்தளவு எடுத்து, அதுக்கு மேல 15 செ.மீ. விட்டு ஆர்டர் பண்ணுங்க.